வடசென்னை மேடையும் உங்கள் செல்போனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை சங்கமம் என்கிற நாட்டுப்புறக் கலைவிழா 2007இல் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023 பொங்கலுக்கு ‘நம்ம ஊரு திருவிழா’ என்று திரும்பி வந்தது. அப்போது ராயபுரம் ராபின்சன் மைதானத்திலும் பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலப் பூங்காவிலும் மேடை போட்டார்கள். தெருவில் பாதிப்பேர் கையில் போனோடு போனார்கள். மறுநாள் காலையிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கேள்வி: “அண்ணே, ஏன் இப்டி வந்துச்சு?”

நான் தண்டையார்பேட்டைக்காரன். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்தவன். இப்போது விழா, கச்சேரி என்று போனால் பெரிய கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். சங்கமத்துக்குப் பிறகு ஆடி மாதக் கூழ் விழாக் கச்சேரி, கோயில் திருவிழா, மன்றத்து ஆண்டு விழா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

என்னுடையது பதினைந்தாயிரம் ரூபாய் போன். இதில் நல்ல படம் வருமா?

வரும். கிட்டப் போனால் வரும்.

செல்போன் கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். இருட்டில் அது சேர்க்கிற வெளிச்சம் கொஞ்சம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கச் சொன்னால் அந்தக் கொஞ்சத்தையும் பிய்த்துப் பிய்த்துத்தான் தரும். டிக்கெட் போட்டு நடக்கும் பெரிய நிகழ்ச்சியில் கடைசி வரிசையில் நின்றால் ஒன்றரை லட்ச ரூபாய் போனும் தடுமாறும்.

நம்ம பக்கத்து மேடை அப்படி இல்லை. மூன்றடி, நாலடி உயரம்தான் இருக்கும். தடுப்புக்கட்டை போட்டிருந்தாலும் அதன்மேல் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பத்தடி தூரத்தில் போய் நிற்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். பத்தடியில் போனின் மெயின் கேமரா, அதாவது ‘1x’ என்று காட்டுவது, நன்றாகவே வேலை செய்யும். இந்த ஊர் மேடை போனுக்காகவே போட்டதுபோல இருக்கிறது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அப்போ ஜூம் போடவே கூடாதா?

2x வரை போடலாம். 48, 50 மெகாபிக்சல் மெயின் கேமரா உள்ள போன்களில் 2x என்பது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. பெரிய நஷ்டம் இல்லை.

3x, 5x லென்ஸ் தனியாக இருக்கிறதே என்பீர்கள். அதன் சென்சார் இன்னும் சின்னது, வெளிச்சமும் குறைவாகத்தான் உள்ளே போகும். அதனால் இருட்டில் பல போன்கள் உங்களிடம் சொல்லாமலே அந்த லென்ஸை விட்டுவிட்டு மெயின் கேமராவிலிருந்து வெட்டிக் கொடுத்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இருட்டில் 3x வைத்து, பின்பக்கத்தில் ஜூம் லென்ஸை மட்டும் விரலால் மூடுங்கள். திரையில் படம் அப்படியே தெரிந்தால், நீங்கள் ஜூம் என்று நினைத்தது ஜூம் இல்லை. நாலடி முன்னால் நடங்கள்.

பாடுகிறவர் முகம் வெள்ளை வெளேர் என்று, மாவு பூசியமாதிரி வருகிறதே?

போனின் மேல் முழுத்தப்பு இல்லை. மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி, முன்னால் கூட்டத்தின் கறுப்புத் தலைகள். நடுவில் ஒரே ஒரு முகத்தில் மட்டும் வெளிச்சம். போன் மொத்தத்தையும் பார்த்து, “ரொம்ப இருட்டா இருக்கே” என்று எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறது. ஏற்கெனவே வெளிச்சத்தில் இருந்த முகம் வெந்துபோகிறது.

முகத்தின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியன் படமோ கோடோ வரும். அதைக் கீழே இழுங்கள். திரையில் “கொஞ்சம் இருட்டா இருக்கோ” என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். எண் காட்டும் போனாக இருந்தால் மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை. இருட்டாக வந்த முகத்தை வீட்டில் உட்கார்ந்து ஓரளவு தூக்கிவிடலாம். வெள்ளையாக வெந்த நெற்றியில் எடுப்பதற்கு எதுவுமே மிச்சம் இருக்காது.

முகம் முழுக்க ஊதாவும் சிவப்புமாக, கண் மூக்கு தெரியாமல் வருகிறது. என்ன செய்வது?

இப்போது பெரும்பாலான மேடைகளில் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குதான். அதில் நீலத்தை மட்டும் போட்டால், சென்சாரில் நீலத்துக்கான புள்ளிகள் மட்டும் நிரம்பி வழியும், மற்றவை பட்டினி கிடக்கும். முகத்தின் மேடு பள்ளம் அதில் கரைந்துபோகும். வெளிச்சத்தை இன்னும் குறைத்து எடுத்தால் கொஞ்சம் மீளும்.

அதைவிட நல்லது, லைட் போடுகிறவரைக் கவனிப்பது. மேடைக்கு எதிரே சின்ன மேஜையில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் நாலைந்து நிறங்களைச் சுற்றிச் சுற்றித்தான் விடுவார். பல்லவி முடிந்து கைதட்டு வரும்போது மஞ்சளோ வெள்ளையோ ஒரு தடவை வந்துபோகும். இரண்டு பாட்டு பொறுமையாகப் பார்த்தால் அந்தச் சுற்று பிடிபடும். அப்படியும் ஊதாதான் கிடைத்தது என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். என்னுடைய நல்ல மேடைப் படங்களில் பாதி அப்படிக் காப்பாற்றியவைதான்.

படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. போன் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மலிவு எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சாரோ படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர், அதாவது ஒரு படத்துக்குப் போன் வெளிச்சம் வாங்கும் நேரம், வேகமாக இருந்தால் சில வரிகளுக்கு விளக்கு பளிச்சென்றும் சில வரிகளுக்கு மங்கலாகவும் கிடைக்கும், அதுதான் பட்டை.

எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளும் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். பட்டை பெரும்பாலும் போய்விடும். வீடியோவுக்கும் இதேதான்: நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர். ஐபோனில் 25 தெரியவில்லை என்றால் கேமரா அமைப்பில் பி.ஏ.எல். வடிவங்களைக் காட்டும் பொத்தானைப் போட வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்று இருக்கும், அதில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய எல்.இ.டி. திரையின் கணக்கு மட்டும் தனி. இந்த வைத்தியத்துக்கு அது எப்போதும் கட்டுப்படாது. அது படத்தில் விழாத கோணத்துக்கு நகர்ந்துவிடுவதே மேல்.

நைட் மோட் போட்டால் நல்லதுதானே?

ஆட்கள் ஆடாமல் இருந்தால். நைட் மோட் ஒரு நொடி, சில நேரம் மூன்று நொடி வரை பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. மேடை அலங்காரம், சீரியல் லைட் தொங்கும் தெரு, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையின் வாணலியைச் சுற்றி நிற்கும் ஆட்கள், இதற்கெல்லாம் அருமை. ஆடிக்கொண்டே பாடுகிறவருக்கு அதை வைத்தால் ஆவி மாதிரி வரும். தானாக ஓடிவிடும் போன்களில் அணைத்து வையுங்கள்.

ஃபிளாஷ்?

வேண்டாம். ஏழெட்டு அடிக்குமேல் அதற்கு வலு இல்லை. முன்னால் நிற்பவர் பிடரிதான் பளபளக்கும்.

பறை, சட்டி மேளம் அடிக்கிறவர்களின் கை கலங்கிப்போகிறது. எப்படிப் பிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கை வேகமாக இருந்தால் ஷட்டரை 1/500 ஆக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். பகலில் சரி. இரவு மேடையில் அப்படி வைத்தால் படம் இருட்டாகும், மேலே சொன்ன பட்டையும் வரும். அதனால் 1/100இலேயே இருந்துகொண்டு கை நிற்கிற நேரத்தைப் பிடிக்க வேண்டும். கை நிற்குமா? நிற்கும். பறையடிப்பவர் வலக்கையில் இருக்கும் குட்டையான அடிக்குச்சியைப் பாருங்கள். மேலே போய், திரும்பிக் கீழே இறங்கும் முன் கண்ணிமைக்கும் நேரம் அந்தரத்தில் நிற்கும். ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல. அப்போது அழுத்தினால் கையும் கூர்மையாக வரும், அடுத்த அடிக்கான வேகமும் தோளில் தெரியும். இடக்கையின் மெல்லிய சிம்புக்குச்சி கலங்கத்தான் செய்யும், விடுங்கள். அந்தக் கலங்கல் இல்லையென்றால் பறையைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

தாளத்தை முதலில் காதில் வாங்குங்கள். அடவு சுற்றுச் சுற்றாக வரும். முதல் சுற்றில் போனை எடுக்காதீர்கள். எந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து குனிகிறார்கள், எங்கே குதிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் அந்த இடம் வருவதற்கு அரைநொடி முன்னால், தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் வைத்து அழுத்துங்கள். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் எப்போதுமே தாமதம்தான்.

தோல் பறையாக இருந்தால் நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னாலேயே மேடைக்குப் பின்னால் போய்விடுங்கள். வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகினால்தான் கணீரென்று சத்தம் வரும். மார்கழி, தை பனியில் இரண்டு மூன்று தடவைகூடக் காய்ச்ச வேண்டியிருக்கும். தீயின் மஞ்சள் கீழேயிருந்து முகத்தில் விழ, ஒவ்வொருவரும் தன் பறையைத் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மேடையில் ஆயிரம் விளக்கு போட்டாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. தீயைத் தொட்டு ஃபோகஸ் செய்யாதீர்கள், முகத்தைத் தொடுங்கள். ஃபைபர் பறைக்கு இந்த வேலை இல்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, தூக்கிச் சுமக்கிறவர்களுக்கு இல்லை.

கானா பாடுகிறவரை எடுத்தால் மைக்தான் தெரிகிறது, முகமே தெரியவில்லை.

நேர் எதிரே நிற்காதீர்கள். மைக் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம், ஓரமாக நில்லுங்கள். வரி பாடும்போது எடுக்காமல், வரி முடிந்து மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாரே, அப்போது எடுங்கள். வாய் திறந்து பாதிச் சொல்லில் நிற்கும் முகம் யாருக்கும் அழகில்லை. வரி முடிந்ததும் வருகிற சிரிப்பு எல்லாருக்கும் அழகு. பக்கத்தில் டோலக் வாசிப்பவர் பாடகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், அவரையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குப் போனால் நல்ல வெளிச்சம்?

டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறையும். பொங்கல் சமயம் கிட்டத்தட்ட ஆறு மணி. மறைந்த பிறகு ஒரு இருபது நிமிடம், வானம் கருநீலமாகவும் மேடை விளக்கு எரிந்தும் இருக்கும். அந்த இருபது நிமிடம் தவறக்கூடாது. கறுப்பு வானத்தின் முன்னால் எடுத்த படத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய பேர் உள்ளவர் எட்டு மணிக்குத்தான் வருவார், ஆனால் ஆறு மணிக்கு ஏறும் பிள்ளைகளின் படம்தான் நன்றாக வரும்.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று. கடல் நமக்குக் கிழக்கு. சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். கடலைப் பார்த்து நின்றால் எதிரே வானம் இளஞ்சிவப்பாக இருக்கும், அதன்முன் நிற்பவர் முகத்தில் மெத்தென்ற வெளிச்சம் விழும். காலை நிகழ்ச்சியானால் நேர் தலைகீழ்: சூரியன் கடலிலிருந்து எழும், கடலுக்கு முன்னால் நிற்பவர் கறுப்பு நிழலாகத்தான் வருவார். அதுவே வேண்டும் என்றால் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டுங்கள்.

நான் குள்ளம். முன்னால் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

நீங்களும் கையைத் தூக்காதீர்கள். திரும்பி நில்லுங்கள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றால், மேடை வெளிச்சம் முழுக்க விழுந்த நூறு முகங்கள் எதிரே இருக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துப் பார்க்கும் ஆயா, அப்பா தோளில் தூங்கிப்போன குழந்தை, தண்ணீர்த்தொட்டிமேல் ஏறிய பசங்க, பாட்டைக் கேட்டபடியே பஜ்ஜியைத் திருப்பிப் போடும் அக்கா. விழா அங்கேதான் நடக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் பலர் எங்கள் ஏரியாவில் ஒரே மாதிரி படத்தைத்தான் தேடுகிறார்கள்: கிழிந்த சட்டை, சாக்கடை, முறைத்துப் பார்க்கும் இளைஞன். அவன் முறைக்கவில்லை, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. அன்றைக்கு அவன் புதுச்சட்டை போட்டு, முடி வெட்டி, வாசனை அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்தச் சட்டை தெரிகிற மாதிரி எடுங்கள்.

ஆட்களை எடுக்க அனுமதி கேட்க வேண்டுமா?

மேடையில் இருப்பவரைப் பாடும்போது எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கூட்டமாக எடுப்பதும் அப்படித்தான். ஒருவரை மட்டும் நெருங்கி எடுக்கிறீர்கள் என்றால் கேளுங்கள். “அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?” போதும். “எந்த சேனல்பா?” என்று திருப்பிக் கேட்பார்கள். “சேனல்லாம் இல்லண்ணா, சும்மாதான், உங்களுக்கும் அனுப்புறேன்” என்றால் சட்டைக் காலரை இழுத்துவிட்டு நிற்பார்கள். அந்த விறைப்பான படத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அது அவர்களுக்கு. பிறகு பேச்சுக் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார்கள், அப்போது எடுப்பது உங்களுக்கு.

குழந்தைகளை எடுத்தால் அம்மாவிடம் காட்டிவிடுங்கள். சாவு வீட்டில் பாடுகிற மரண கானா விழா அல்ல, அங்கே வீட்டார் கூப்பிட்டுச் சொன்னால் ஒழிய போன் பையிலேயே இருக்கட்டும்.

முழுப்பாட்டையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது வேறு விஷயம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின்மேல் உரிமை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பாட்டுதான் அவருக்குச் சோறு. முப்பது நொடி போட்டு அவர் பெயரையும் சேனலையும் குறிப்பிடுங்கள்.

வீடியோவில் சத்தம் கரகரவென்று பிய்கிறது.

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேரே நின்றால் அப்படித்தான். போன் மைக்கால் அந்த அடியைத் தாங்க முடியாது. சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சர் வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதானே எல்லாவற்றையும் திருகி வைத்திருப்பார். போனின் அடிப்பக்க மைக்கை உள்ளங்கை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது நிறையப் பேருக்கு நடக்கிறது.

எட்டு மணிக்கே சார்ஜும் இடமும் தீர்ந்துவிடுகிறது.

ஏரோபிளேன் மோட் போடுங்கள். கூட்டத்தில் சிக்னலைத் தேடித் தேடியே பாதி சார்ஜ் போகும். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் பின்னால் நிற்பவர் திட்டுவதும் குறையும். இடத்துக்கு ஒரு கணக்கு: ஐபோனில் 4கே வீடியோ 30 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி., 60 ஃபிரேமில் சுமார் 400 எம்.பி. 1080இல் எடுத்தால் 60 எம்.பி. போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதற்கு 4கே எதற்கு? ஆடி மாதப் பகல் கச்சேரியில் போன் கொதித்தால் வீடியோவை நிறுத்தி, உறையைக் கழற்றி, நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டிமேல் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

எல்லாப் படமும் பனிமூட்டமாக இருக்கிறது. லென்ஸ் போய்விட்டதா?

துடைத்தீர்களா? கடல் காற்றின் உப்பு, வியர்வை, மிளகாய் பஜ்ஜி எண்ணெய், எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் மெல்லத் துடையுங்கள். ஏசி மெட்ரோவிலிருந்து இறங்கியதும் எடுத்தால் ஐந்து நிமிடம் ஆவி படிந்திருக்கும், தானாகப் போய்விடும்.

லேசர் லைட் போடுகிறார்கள். எடுக்கலாமா?

கதிர் பக்கவாட்டில் போனால் எடுக்கலாம். நேராக லென்ஸுக்குள் அடித்தால் சென்சாரில் நிரந்தரமாகப் புள்ளியோ கோடோ விழக்கூடும். உங்கள் பக்கம் திரும்பினால் போனைக் கவிழ்த்துவிடுங்கள்.

எடுத்த பிறகு என்ன திருத்தம் செய்வது?

நேராக்குங்கள், ஓரத்தில் துருத்தும் கையை வெட்டுங்கள், நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். நிறத்தை ஏற்றாதீர்கள், மேடைக்காரரே போதுமான அளவு ஏற்றி வைத்திருக்கிறார். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சில போன்களில் ‘பியூட்டி’ தானாக ஓடிக்கொண்டிருக்கும், தேடி அணையுங்கள். எங்கள் ஊர் ஆட்களின் நிறம் அவர்களுடையது.

படத்தை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். எண்ணை வாங்கும்போதே பெயரோடு ‘பச்சைச் சட்டை, சட்டி’ என்று சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் மறுநாள் எந்தக் குமார் எந்தக் குமார் என்று மண்டை காயும்.

முடிந்தால் நாலுக்கு ஆறு அளவில் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். ஒருமுறை டோலக் வாசிக்கும் அண்ணன் ஒருவருக்கு அப்படிக் கொண்டுபோனேன். முப்பது வருடமாக வாசிக்கிறார், வாசிக்கும் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லையாம். எல்லாப் படத்திலும் பாடகர்தான் நடுவில், இவர் பாதித் தோளோடு ஓரத்தில். பிரின்ட்டை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏம்பா, டோலக் கயிறு இவ்ளோ லூசாவா இருந்துச்சு அன்னிக்கி?”